லயத்து வீட்டில் ஊசியும் நூலும்

ஓர் இனத்தாரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பல்களையும் கூலி விகிதங்களையும் சட்டங்களையும் சங்கங்களையும் முதலில் எண்ணுகின்றனர். மலாயாத் தமிழர் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியோர் எத்தனையர், பினாங்கில் இறங்கியோர் எத்தனையர், ஆணுக்கு நாட்கூலி எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்பனவெல்லாம் ஏடுகளில் உள்ளன. அத்தோட்டங்களில் பிறந்த குழந்தை எதை உடுத்தது, அதன் மணிக்கட்டிலும் அரையிலும் கிடந்தவை யாவை, அவற்றை ஆக்கியவர் யார் என்னும் வினாக்களுக்கு அவ்வேடுகளில் விடை காண்பது அரிது. விடை அறிந்தவள் தாய். அவளோ பெரும்பாலும் எழுத்தறியாதவள். தன் கதையை அவள் எழுதி வைக்கவில்லை, தைத்து வைத்தாள். தைத்த துணியும் பிள்ளைகள் வளர வளரக் கிழிந்து, கரித்துணியாகி மறைந்தது.

குழந்தைக்கு அணி பூட்டும் வழக்கம் தமிழரிடத்து மிகப் பழமையானது. சங்கு, சக்கரம், வில், வாள், கதை என்னும் திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவைக் கோத்த ஐம்படைத்தாலி, குழந்தைக்குக் காப்பாக அணிவிக்கப்பட்டது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் எத்துணை இளையவன் என்பதைக் காட்டவந்த இடைக்குன்றூர் கிழார், அவன் தாலியை இன்னும் களையவில்லை என்பதையே புறநானூற்றில் அடையாளமாகக் கொண்டார். தைத்த ஆடையோ அத்துணைப் பழக்கமானதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழகத்துச் சிற்றூர்க் குழந்தைகளுட் பலர் நாலைந்து வயதுவரை அரைஞாணையும் அரைமூடியையுமே உடையாகக் கொண்டு வளர்ந்தனர். எனவே கப்பலேறி வந்த இளந்தாய்க்கு மணி கோக்கத் தெரிந்திருந்தது; சட்டை வெட்டத் தெரிந்தவர் சிலரே. தோட்டத்துத் தாய் சட்டை தைக்கக் கற்றதற்குக் காரணங்கள் பல. கொசுவும் மலேரியாக் காய்ச்சலும் ஒரு காரணம். பள்ளிக்கூடம் மற்றொரு காரணம். 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளுட் பல, பெயரளவிலேயே பள்ளிகளாக இருந்தன. கணக்கப்பிள்ளையோ கங்காணியோ ஆசிரியராக அமர்ந்த இடங்களும் உண்டு. எனினும் பள்ளி எத்தகையதாயினும், அங்குச் செல்லும் பிள்ளைக்கு ஒரு சட்டை வேண்டுமல்லவா?

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தும் வழக்கம் அன்று இல்லை. துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டியும் சேலையுமே அதன் முதல் ஆடை. கஞ்சி ஏறிய புதுத்துணி பச்சிளந்தோலை உராயும் என்பதை மருத்துவர் சொல்லித் தாய்மார் அறிந்துகொள்ளவில்லை. அதே சேலையின் மறுபாதி உத்தரத்தில் தொங்கும் ஏணையாயிற்று. மூன்றாம் நான்காம் திங்களில் பழைய வேட்டித் துண்டை இரண்டாக மடித்து, கழுத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, இரு பக்கமும் தைத்து, பித்தானுக்கு மாறாக நாடா வைத்த சட்டை தயாராகும். பித்தானைக் குழந்தை பிய்த்து விழுங்கிவிடும் என்னும் அச்சமே நாடா வைத்ததற்குக் காரணம்.

அணிகளுள் முதலாவது வசம்பு வளை. வசம்பை வில்லை வில்லையாக நறுக்கித் துளையிட்டு, கருமணிகளுடன் மாறி மாறிக் கறுப்பு நூலிற் கோத்துக் குழந்தையின் மணிக்கட்டிற் கட்டினர். குழந்தைக்கு வயிற்று உப்புசம் வந்தால் சுட்டு உரைத்துக் கொடுப்பதும் அந்த வசம்பே. 'பிள்ளை வளர்ப்பான்' என்னும் பெயர் அதற்கு வாய்த்தது இதனாலேயே. கண்ணேறு கழியும் என்ற நம்பிக்கையை இக்காலத்தார் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். மருந்தையே அணியாக்கி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்ட அறிவை மறுக்க இயலாது. காது குத்தியபின் தங்கம் வாங்கும்வரை துளை தூராதிருக்க வேப்பங்குச்சியைச் செருகி வைத்தனர். சில பிள்ளைகளின் காதில் அக்குச்சி பல திங்கள் இருந்தது. அது சம்பள நாளுக்குக் காத்திருந்த குச்சி.

சிறுமியர் தம் அணிகளைத் தாமே தேடிக்கொண்டனர். ஆற்றோரத்தில் வளரும் நெற்பவளத்தின் மணிக்கு இயற்கையிலேயே துளை உண்டு. ஊசி நுழைந்தால் போதும், மாலையாகிவிடும். சாகா மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் செவ்விதைகள் பவளத்துக்கு ஈடாயின. குன்றிமணியை மட்டும் தாய்மார் எச்சரிக்கையோடு நடத்தினர். தட்டான் தராசில் பொன்னுக்கு எடையாக நின்ற அம்மணி, கடித்து உடைத்தால் நஞ்சு. பல் முளைக்கும் குழந்தையின் பக்கம் அதை அவர்கள் கொண்டுசெல்லவில்லை. சடைக்குக் குஞ்சலம் வேண்டுமென்றால் வண்ண நூலையும் கம்பளி நூலையும் சுற்றிக் கட்டி வெட்டிக்கொண்டனர்.

இவ்வளவையும் செய்ய அப்பெண்களுக்கு நேரம் எங்கிருந்து வந்தது? விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஆணுக்கு நிகராக மரம் வெட்டி, பாலை வாளியிற் சுமந்து நிறுவைக்குக் கொண்டுசெல்பவள் அவள். 1920களின் இறுதியில் முதன்மையான தோட்ட வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக இருந்தன. குறைந்த கூலியைப் பெற்ற அந்தக் கைகள் லயத்துக்குத் திரும்பியபின் செய்த வேலைக்குக் கூலியே இல்லை. சோறு ஆக்கி, குளிப்பாட்டி, பிள்ளைகளை உறங்கவைத்தபின் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் ஊசி எடுத்தாள். மழை நாள் அவளுக்கு மற்றொரு வாய்ப்பு. பட்டை நனைந்தால் பால் மங்கில் இறங்காது வழிந்துவிடும். ஆகவே வெட்டு இல்லை, பெரும்பாலும் கூலியும் இல்லை. மேற்குக் கரை மாநிலங்களில் அக்டோபரும் நவம்பரும் மழை மிகுந்த திங்கள்கள். தீபாவளி வருவதும் அப்போதுதான். கையில் காசு குறைந்திருக்கும் அந்நாட்களிலேயே அவளுக்குத் தைக்கும் நேரம் கூடிற்று.

தீபாவளித் துணியைச் சைக்கிளில் மூட்டை கட்டி வந்த வியாபாரியிடம் கடனாகவும், பட்டணத்துக் கடையில் ரொக்கமாகவும் எடுத்தனர். சீட்டித் துணி ஒரே பீஸாக எடுக்கப்பட்டது. மூத்தவளுக்குப் பாவாடை, இளையவளுக்குக் கவுன், பையனுக்குச் சட்டை, எஞ்சிய துண்டில் கைக்குழந்தைக்கு ஒரு குல்லாய் என்று ஒரே பூப்போட்ட துணி ஒரு குடும்பம் முழுவதையும் அடையாளப்படுத்திற்று. அளவு நாடா இல்லாதவள் சாண் கணக்கில் அளந்தாள். வெட்டுவதற்கு முன் மாதிரியைச் செய்தித்தாளில் வெட்டிப் பார்த்தாள். 1924இல் தோன்றிய தமிழ் நேசனும் 1935இல் தோன்றிய தமிழ் முரசும் படித்து முடித்தபின் இவ்வாறும் தமிழர்க்குத் தொண்டாற்றின என்பதை அவற்றின் ஆசிரியர்கள் அறிந்திருப்பார்களோ, என்னவோ!

வளரும் பிள்ளைக்கு வெட்டும் துணியில் எதிர்காலத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும். பாவாடையின் கீழ்க்கரைக்கு மேலே இரண்டு மூன்று மடிப்புகளைப் பிடித்து ஓட்டுத்தையல் போடுவர். 'டக்கு' எனப்படும் இம்மடிப்பு பார்வைக்கு அழகு. உண்மையில் அது சேமிப்பு. பெண் வளர வளர ஆண்டுக்கொரு மடிப்பைப் பிரித்துவிட்டால் பாவாடை நீளும். மடிப்புக்குள் இருந்த பகுதி வெயில் படாமல் புதுநிறத்தோடு இருக்க, மற்றப் பகுதி வெளிறியிருக்கும். மூன்றாண்டு உடுத்திய பாவாடையில் மூன்று நிறக் கோடுகள் தெரியும். மரத்தின் வயதை அதன் வளையங்களால் அறிவது போல அப்பாவாடையின் வயதைக் கோடுகளால் அறியலாம். அக்கோடுகளுக்கு நாணிய சிறுமியர் பலர். தோழியர் அனைவரும் கோட்டுப் பாவாடையே உடுத்தியிருந்ததால் அந்த நாணம் நீடிக்கவில்லை. கோதுமை மாவு வந்த வெள்ளைத் துணிப்பைகளும் வீணாகவில்லை. தையலைப் பிரித்து, எழுத்து மங்கும்வரை துவைத்து உள்ளாடை தைத்தனர். எழுத்து முழுவதும் போகாத உள்ளாடைகளும் இருந்தன.

வெள்ளித் தண்டை, கொலுசு, தங்கத் தோடு ஆகியவை வீட்டிற் செய்வன அல்ல, தட்டான் செய்வன. எனினும் அவற்றை வாங்கிய காசு எங்கே மிச்சமாயிற்று என்று பார்த்தால் ஊசியிடமே வந்து சேரவேண்டும். கடைச்சட்டை வாங்காமல் தவிர்த்த காசே குழந்தையின் காலில் தண்டையாயிற்று. வங்கியை அறியாத குடும்பத்துக்குக் குழந்தையின் உடலே பெட்டகம். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரச் சரிவால் ரப்பர் விலை வீழ்ந்தது. கூலி ஏறத்தாழப் பாதியளவுக்கு இறங்கிற்று. இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அப்போது முதலில் அடகுக் கடைக்குச் சென்றவை இச்சிறு நகைகளே. தண்டை கழன்ற காலில் கருநூல் ஏறியது. கழுத்திலிருந்த பொற்காசின் இடத்தைப் பாசிமணி பிடித்தது. வெறுங்கழுத்தாகப் பிள்ளையை விடலாகாது என்பதில் தாய்மார் உறுதியாக இருந்தனர்.

இவற்றினும் கொடியது 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சிக்காலம். துணி இறக்குமதி நின்றது. 'வாழைமர நோட்டு' எனப்பட்ட சப்பானியப் பணம் மதிப்பிழந்து, கையிலிருந்த துணியே பணத்தினும் பெறுமதி உடையதாயிற்று. தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் திரும்பவில்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிள்ளைகளோடு எஞ்சியிருந்த பெண்கள் அரிசிச் சாக்கைப் பிரித்து உடை தைத்தனர். ரப்பர் தகட்டை இடுப்பிற் சுற்றியவர்களும் உண்டு. சணற்சாக்கு குழந்தையின் தோலைப் புண்ணாக்கும். ஆதலால் தாய் சாக்கை உடுத்தித் தன் சேலைக் கிழிசலைக் குழந்தைக்கு வைத்தாள். தையல் நூலும் கிடைக்கவில்லை. பழந்துணியிலிருந்து இழை இழையாக உருவி எடுத்தனர். அன்னாசி இலையின் நாரைப் பயன்படுத்தியோரும் இருந்தனர். ஊசி ஒன்று முறிந்தால் அஃது ஒரு குடும்பத்தின் இழப்பு. ஒரே ஊசி லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இரவல் சென்றது. இந்நாட்களிலேதான், 1943இல் நேதாசி சுபாசு சந்திரபோசு சிங்கப்பூருக்கு வந்தபின், தமிழ்ப் பெண்கள் பலர் எஞ்சியிருந்த பொன்னையும் விடுதலைப் படைக்குக் கழற்றிக் கொடுத்தனர். போர் முடிந்தபோது லயங்களில் குழந்தைகளின் மேல் உலோகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வசம்பும் கருநூலும் இருந்தன.

போருக்குப் பின்னரே தையல் இயந்திரம் லயங்களுக்குள் பரவலாக வந்தது. ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் அது. தவணை முறையில் அதை விற்கும் வழக்கத்தை அவர் நிறுவனம் 1856இலேயே தொடங்கியிருந்தது. மலாயாவிலும் தவணையே அதனைத் தொழிலாளர் வீட்டுக்குக் கொண்டுவந்தது. கொரியப் போரால் 1950, 1951ஆம் ஆண்டுகளில் ரப்பர் விலை உயர்ந்தபோது முன்பணம் கட்டத் துணிந்த குடும்பங்கள் பெருகின. இயந்திரம் வந்த வீட்டுக்கு அண்டை வீட்டாரும் துணியோடு வந்தனர். கூலியாகச் சில காசுகளோ முருங்கைக்கீரையோ முட்டையோ கிடைத்தது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளரே வாங்க வழிவகுத்தார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்பது அதன் ஏற்பாடு. அந்தப் பத்து வெள்ளியை மிச்சப்படுத்தியதில் காலால் மிதித்த அவ்வியந்திரத்துக்கும் பங்குண்டு என்று கருதுவது மிகையாகாது. கூட்டுறவின் வரலாற்றில் தலைவர்களின் பெயர்கள் உள்ளன; இருக்கவும் வேண்டும். இயந்திரத்தை மிதித்தவளின் பெயரும் ஓரிடத்தில் இருந்திருக்கலாம்.

தமிழ்ப் பெண்ணின் கையில் ஊசி முன்பும் ஒருமுறை வரலாறு படைத்ததுண்டு. 1821இல் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமியர்க்குப் பின்னல் சரிகை வேலை கற்பித்தார். அவ்வருவாயால் அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்ற பெண்களும் இருந்தனர். அவ்வேலை விற்பனைக்கானது. அதனால் கணக்கில் ஏறிற்று, நூல்களில் இடம்பெற்றது. லயத்துத் தாய் தைத்ததை அவள் பிள்ளையே உடுத்தியது. ஆதலால் எந்தக் கணக்கிலும் அஃது ஏறவில்லை.

1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பெருகிய ஆலைகளுக்குத் தோட்டத்துப் பெண்கள் பேருந்துகளிற் சென்றனர். பிறர் பிள்ளைகளுக்கான ஆடைகளை ஆலையில் தைத்துவிட்டுத் தம் பிள்ளைகளுக்கு இரவுச் சந்தையில் ஆயத்த உடை வாங்கியவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆயத்த உடையின் விலை துணியின் விலைக்கும் கீழே இறங்கியது. 1980களிலும் 1990களிலும் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாற, மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். இடநெருக்கடியில் பல இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. தப்பிய சிலவற்றின் வார்ப்பிரும்புக் கால்கள் கண்ணாடிப் பலகை பொருத்திய மேசைகளாக உணவகங்களிலும் வரவேற்பறைகளிலும் நிற்கின்றன. மிதியடி இன்னும் ஆடுகிறது, வார் இல்லை. பட்டுநூலைச் சுற்றி வளையல் செய்யும் இளந்தாய்மார் இன்று வீட்டிலிருந்தே கைப்பேசி வழி விற்கின்றனர். பிறந்த குழந்தையின் மணிக்கட்டுக்கு மட்டும் வசம்பு வில்லைகளும் கருமணிகளும் இப்போதும் கறுப்பு நூலில்தான் கோக்கப்படுகின்றன.