மாடியில் பாகற்காய் வளர்க்கணுமா? வேலூர், ஆம்பூர்வாசிகள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை!

விதை போட்டு 10 நாளாச்சு, இன்னும் முளைக்கலை. முளைச்ச செடியிலும் இலை ஓரம் கருகுது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதிகளில் மாடித்தோட்டம் போடுறவங்க இப்படிச் சொன்னா, விதையையோ உரத்தையோ மட்டும் குறை சொல்ல முடியாது. ஊற்றும் போர் தண்ணீரில் இருக்கும் உப்பும் காரணமாக இருக்கலாம்.

தொட்டியில் பாகல் வளர்ப்பது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதியில் தண்ணீரும் மண்ணும் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

இந்தப் பகுதி தண்ணீரில் என்ன பிரச்சினை?

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதில் உப்பு போடுவார்கள். பதனிடும் முன் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுக்க கழிவுநீரில் இறங்கும். பதனிடும்போது குரோமியம் உப்பும் சேரும். சரியாகச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் பல ஆண்டுகளாகப் பாலாற்றிலும் நிலத்திலும் கலந்ததால் கிணற்று நீர் கெட்டது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வழங்கியது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாக ஒரு ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. அதற்காக எல்லா போர் தண்ணீரும் மோசம் என்று அர்த்தமில்லை. தெருவுக்குத் தெரு மாறும். அதனால்தான் சோதித்துப் பார்க்கணும்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?

கடைகளில் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரை தண்ணீரில் வைத்தால் கரைந்துள்ள உப்பின் அளவு தெரியும். பாசன நீருக்கு உலக உணவு மற்றும் வேளாண் அமைப்பு தரும் அளவுகோல் இது:

• லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழ்: தாராளமாக ஊற்றலாம்.
• 450 முதல் 2,000 வரை: கவனமாகப் பயன்படுத்தணும். நல்ல தண்ணீருடன் கலந்து ஊற்றுவது நல்லது.
• 2,000-க்கு மேல்: செடிக்கு வேண்டாம்.

மழைநீர்தான் முதல் தேர்வு. அடுத்தது காவிரி கூட்டுக் குடிநீர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. உள்ளே போகும் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம் என்பதால், போர் தண்ணீரில் ஓடும் ஆர்.ஓ. என்றால் அதைத் தவிர்க்கணும். கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது.

ஒரு முக்கிய விஷயம்: குரோமியம் இருக்கா இல்லையா என்று டிடிஎஸ் மீட்டர் சொல்லாது. தோல் தொழிற்சாலைக்கோ கழிவுநீர்க் கால்வாய்க்கோ பக்கத்தில் போர் இருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரை காய்கறிக்கு ஊற்ற வேண்டாம்.

பையும் மண்ணும் எப்படி இருக்கணும்?

ஒரு அடிக்கு மேல் ஆழமுள்ள பை, வாளி, பழைய டிரம் எதுவும் போதும். அடியில் ஓட்டைகள் கட்டாயம். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு சேர்க்கணும். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்கணும். தொழிற்சாலை ஓரத்து மண், கால்வாய் வண்டல், தோல் கழிவில் செய்த எரு வேண்டவே வேண்டாம்.

விதைப்பது எப்படி?

ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை இரண்டும் நல்ல பருவம். கோ 1, எம்.டி.யு 1 ரகங்களோ, குட்டையான மிதிபாகலோ போடலாம். விதைத்தோல் கெட்டியாக இருப்பதால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, 2 செ.மீ. ஆழத்தில் பைக்கு 3 விதை ஊன்றணும். 7 முதல் 10 நாளில் முளைக்கும். நன்றாக வந்த ஒரு செடியை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

கொடி வீசியதும் கயிறு கட்டியோ வலை போட்டோ பந்தலில் ஏற்றணும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும், பெண் பூவும் கூடும்.

பூ கொட்டுதே, காய் பிடிக்கலையே?

முதலில் வருவது ஆண் பூக்கள். அவை கொட்டினால் பயப்பட வேண்டாம். பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. மாடியில் தேனீ வராவிட்டால், காலையில் ஆண் பூவைப் பறித்து பெண் பூவின் நடுவில் லேசாகத் தடவினால் போதும். பழ ஈயிடமிருந்து காப்பாற்ற பிஞ்சைக் காகித உறையால் மூடலாம். பூச்சி தென்பட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். விதைத்து சுமார் 60 நாளில் முதல் காய் பறிக்கலாம்.

உப்பு ஏறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

பையின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். இலை நுனியும் ஓரமும் காயும். தண்ணீர் ஊற்றியும் செடி வாடும். வேலூர் வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் பையிலேயே தங்கும். அந்த நேரத்தில் உரம் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நல்ல தண்ணீரை அடி ஓட்டை வழியாக ஓடும்வரை ஊற்றி உப்பை வெளியேற்றணும். மழை பெய்யும்போது பையைத் திறந்த வெளியில் வைத்தால் அந்த வேலையை மழையே செய்துவிடும்.

சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். மானிய விலையில் மாடித்தோட்டப் பொருட்கள் இப்போது கிடைக்கிறதா என்பதை உள்ளூர் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.