அமில–மூல நியமிப்பு: கொழும்புத் தமிழ்மொழி உயர்தர வகுப்புகளில்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளின் உயர்தர மாணவர்கள் பலர் அமில–மூலத் தாக்கங்களைப் பாடசாலையில் ஒருமுறையும் ரியூசன் வகுப்பில் இன்னொருமுறையும் படிக்கிறார்கள். ஆனால் இரசாயனவியல் பரீட்சை முழுவதும் எழுத்திலேயே நடக்கிறது: முதற்பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டாவதில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். அளவியைத் தொடாமலே ஏ சித்தி பெறலாம். இதனால் நியமிப்பு வெறும் கணக்காகச் சுருங்குகிறது. காட்டியைத் தெரிவதிலேயே அக்குறை முதலில் வெளிப்படும். 25 கன சென்ரிமீற்றர் அசற்றிக்கமிலத்தை அதே செறிவுள்ள (0.1 மோலர்) சோடியமைதரொட்சைட்டால் நியமித்தால் சமவலுப் புள்ளியின் பீஎச் ஏறத்தாழ 8.7. 8.3இல் நிறம் மாறத் தொடங்கும் பினோப்தலீன் இதற்குப் பொருந்தும். மெதைல் செம்மஞ்சளோ 4.4க்குள் மாறிவிடும், அப்போது சேர்ந்திருக்கும் மூலம் சுமார் 8 கன சென்ரிமீற்றர்தான். பாதிவழிகூட இல்லை! இந்த இடைவெளியைக் கண்ணால் கண்டவருக்குக் காட்டிகளின் அட்டவணையை மனனம் செய்யத் தேவையில்லை.

கணக்குப் பயிற்சிதான் புள்ளி தரும், பெரிய வகுப்பில் ஆளுக்கொரு அளவி கட்டுப்படியாகாது என்பார்கள். முதலாவது உண்மை, ஆயினும் பரிசோதனை பற்றிய அமைப்பு வினாக்களில் கைப்பழக்கமும் உதவும். இரண்டாவதற்கு, ஐதாக்கிய தென்னை வினாகிரியும் துளிகளை எண்ணும் சிறு துளியியும் போதும். செம்பரத்தைச் சாறும் நிறம் காட்டும், ஆனால் அதன் மாற்றம் படிப்படியானது என்பதால் துல்லியமான முடிவுப் புள்ளிக்கு ஆகாது.