ஜெர்மன் கம்ப்யூட்டரை எடு, இத்தாலி கார்புரேட்டரை மாட்டு: போர்ஷே 914 கதை

2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்தப்போ நம்ம ஊர் பைக்ல கார்புரேட்டர் போய் எஃப்.ஐ. வந்துச்சு, ஞாபகம் இருக்கா? பழசு போகும், புதுசு வரும், அதுதான் இயல்புன்னு நினைக்கிறோம். இன்னைக்குப் பேசப்போறது அதுக்கு நேர் எதிரான கதை. ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோட ஃபேக்டரியிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் காரை, ஓனர்களே கார்புரேட்டருக்கு மாத்தின கதை.

இதுக்கு ஒரு முன்கதை இருக்கு. அமெரிக்காவுல பெண்டிக்ஸ் கம்பெனி, 1950-கள்லயே எலக்ட்ரோஜெக்டர்னு ஒரு எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனை உருவாக்குச்சு. 1958-ல கிரைஸ்லர் அதைச் சில டஜன் கார்கள்ல மட்டும் கொடுத்தது. இன்ஜின் சூட்டையும் அதிர்வையும் அந்தக் கால எலக்ட்ரானிக்ஸ் தாங்கல. அந்த கார்கள்ல பெரும்பாலானதைத் திருப்பி வாங்கி, கார்புரேட்டரை மாட்டியே கொடுத்தாங்க. ஆக, கன்வெர்ஷன் கதை எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் பிறந்த அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு!

பெண்டிக்ஸோட காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் கைக்குப் போச்சு. அமெரிக்காவுல புகைக் கட்டுப்பாடு இறுகிக்கிட்டிருந்த நேரம். 1967-ல ஃபோக்ஸ்வேகன் 1600-ல பாஷின் டி-ஜெட்ரானிக் வந்தது. 'டி'ன்னா ஜெர்மன்ல 'ட்ரூக்', அதாவது அழுத்தம். இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள இருக்கிற காற்றழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கும். அதை வெச்சு ஒரு அனலாக் பெட்டி, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு முடிவு பண்ணும். இன்டெலோட முதல் மைக்ரோபிராசசர் 1971-லதான் வருது. அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே இது ரோட்டுல ஓடிக்கிட்டிருந்தது. எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

1969-ல ஃபோக்ஸ்வேகனும் போர்ஷேவும் சேர்ந்து 914-ஐக் கொண்டுவந்தாங்க. இன்ஜின் நடுவுல, சீட்டுக்குப் பின்னாடி. நாலு சிலிண்டர், ஏர் கூல்டு, 1.7 லிட்டர், 80 குதிரைத்திறன், டி-ஜெட்ரானிக். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஆறு சிலிண்டர் போட்ட, விலை கூடுதலான 914/6-ல இருந்தது வெபர் கார்புரேட்டர். அதனாலயோ என்னவோ, நிறைய பேர் மனசுல 'ரேஸ் கார்னா வெபர்'ங்கிறது ஒட்டிக்கிச்சு.

வருஷங்கள் ஓடுச்சு. அழுத்த சென்சாருக்குள்ள இருந்த மெல்லிசான உலோக டயாஃப்ரம் விரிசல் விட்டது, இன்ஜின் பெட்ரோலை அள்ளிக் குடிக்க ஆரம்பிச்சது. ஒயர் இத்துப்போச்சு, வேக்கம் ஹோஸ் வெடிச்சது. ஸ்க்ரூடிரைவரோடவே வளர்ந்த மெக்கானிக்குக்கு அந்தப் பெட்டி ஒரு மர்மம். காது கேட்டுப் புரிஞ்சுக்கக் கூடிய ஒண்ணை மாட்டிட்டா நிம்மதி இல்லையா? அப்படித்தான் ரெண்டு வெபர் 40 ஐ.டி.எஃப்., பக்கத்துக்கு ஒண்ணா வந்து உட்கார்ந்தது. கேம்ஷாஃப்டை மாத்தினவங்களுக்கு வேற வழியும் இல்ல. சூடான கேம் மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கலைச்சிடும், சென்சார் குழம்பிடும்.

மாட்டினதோட வேலை முடியாது. முதல் ஆபத்து, பெட்ரோல் பம்ப். டி-ஜெட்ரானிக் பம்ப் தர்றது சுமார் 2 பார் அழுத்தம். வெபருக்கு வேண்டியது 0.2 பார் அளவுதான். பழைய பம்பை அப்படியே விட்டா ஊசி வால்வு தாங்காது, ஃப்ளோட் கிண்ணம் வழிஞ்சு சூடான இன்ஜின் மேல பெட்ரோல் கொட்டும். கார் தீப்பிடிக்கிறதுக்கு இதைவிட சுலபமான வழி கிடையாது.

அப்புறம் டியூனிங். கார்புரேட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங் ரெண்டையும் சரிபண்ணணும். இல்லேன்னா வேற யாரோ செஞ்ச தப்புக்கு வெபரைத் திட்டிக்கிட்டு இருப்போம். அடுத்து சிங்க்ரோமீட்டர்னு ஒரு சின்ன கருவி. கார்புரேட்டர் வாயில வெச்சா எவ்வளவு காத்து உள்ள போகுதுன்னு முள் காட்டும். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவு இழுக்கணும். ஐடில்ல மட்டும் சமமா இருந்தா போதாது, ஆக்ஸிலரேட்டர் கம்பி இணைப்பு ரெண்டையும் ஒரே நேரத்துல திறக்கணும்.

நிறைய பேர் தடுமாறினது ஜெட் விஷயத்துல. மெயின் ஜெட்டை மாத்தி மாத்திப் பார்ப்பாங்க. ஆனா ஊருக்குள்ள மெதுவா ஓட்டுறப்போ இன்ஜினுக்குச் சாப்பாடு போடுறது பெரும்பாலும் ஐடில் ஜெட்டும் அதை ஒட்டின சின்னத் துளைகளும்தான். அது சிறுசா இருந்தா, லேசா ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதும் கார்புரேட்டர் 'புஃப்'னு துப்பும், கார் ஒரு நொடி தயங்கும். அந்தத் துப்பல்தான் கலவையில காத்து அதிகம்ங்கிறதுக்கு அடையாளம். ஒரு தூசி அடைச்சாலே ஒரு சிலிண்டர் செத்துப்போகும். பெருசா இருந்தா நல்லதுன்னு 44 ஐ.டி.எஃப். வாங்கினவங்களுக்கு இன்னும் கஷ்டம். சாதாரண இன்ஜினுக்கு அந்த வாய் ரொம்ப அகலம், காத்து வேகம் குறைஞ்சு பெட்ரோல் சரியாப் பொடியாகாது.

காசு மிச்சம் பிடிக்க நடுவுல ஒரே ஒரு வெபரை மாட்டினவங்களும் உண்டு. அதை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கேர்ந்து சிலிண்டர் வரைக்கும் குழாய் நீளம். ஏர் கூல்டு இன்ஜின்ல அந்தக் குழாயைச் சூடாக்க வெந்நீரும் கிடையாது. குளிர்ல பெட்ரோல் சுவத்துல ஈரமாப் படிஞ்சிடும்.

கலிபோர்னியாவுல சட்டமும் குறுக்கே வரும். 1975 வரைக்குமான மாடல்களுக்கு அங்க புகைச் சோதனை கிடையாது. 1976 மாடல் 914-க்கு உண்டு. ஒரு வருஷ வித்தியாசத்துல, ஒருத்தருக்கு வெபர் விளையாட்டு, இன்னொருத்தருக்குத் தலைவலி.

இப்போ காத்து திரும்புது. ஒரிஜினல் இன்ஜெக்‌ஷனோட இருக்கிற 914-ஐத் தேடுறவங்க அதிகமாயிட்டாங்க. சென்சாருக்குப் புது டயாஃப்ரம் செஞ்சு கொடுக்கிற ஆர்வலர்களும் இருக்காங்க. சிக்கல் என்னன்னா, அந்தப் பெட்டியும் சென்சாரும் ஜோடியாப் பொருந்தணும், கையில கிடைச்சதை மாட்ட முடியாது. அதனால பழைய 914 வாங்கப் போறவங்க இன்ஜினைப் பார்க்கிறதோட, கராஜ் மூலையில ஒரு அட்டைப்பெட்டி இருக்கான்னும் கேட்கிறாங்க. முன்னாடி கழற்றினவர் அதை வெச்சிருக்காரா, இல்ல குப்பையில போட்டுட்டாரா?