தேக்கி வைத்தலின் வரலாறு: இலங்கையின் மின்வலையமைப்பும் அணுமின் தெரிவும்

2050இல் காபன் நடுநிலையை எட்டுவதாக இலங்கை உலக நாடுகளுக்கு வாக்களித்துள்ளது. 2030இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அதற்கு முந்திய இலக்கு. நிலக்கரியும் எண்ணெயும் விலகும்போது அவற்றின் இடத்துக்கு அணுமின் நிலையம் வேண்டும் என்பது ஒரு கட்சி. காற்றும் சூரியனும் சேமிப்பு வசதியும் போதும் என்பது மறு கட்சி. நாட்டின் மின் வரலாற்றை ஆராய்ந்தால், எமது நெருக்கடிகள் பெரும்பாலும் ஒரே மூலத்தை நம்பியதாலும் போதிய சேமிப்பு இல்லாததாலும் நேர்ந்தவை என்பது புலனாகும். ஆகவே முதல் முதலீடு சேமிப்புக்கே உரியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மலைநாட்டு நீரிலிருந்து நாட்டுக்கு மின்சாரம் தரலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் விரிவான கட்டுரையொன்றில் எடுத்துரைத்தார். அவர் கண்ட லக்ஷபான நிலையம் 1950இலேயே இயங்கத் தொடங்கியது. மகாவலித் திட்டத்தின் கீழ் 1980களில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல ஆகியவை எழுந்தன. இந்நீர்த்தேக்கங்களை மின் உற்பத்தி நிலையங்களாக மட்டும் பார்ப்பது குறைப்பார்வை. மழைக்காலத்து நீரை வரட்சிக் காலத்துக்கும், பகல் நீரை இரவுக்கும் ஒதுக்கி வைக்கும் சேமிப்பு நிலையங்களும் அவையே. ஆயினும் ஏறக்குறைய முழு நாடும் நீரை மட்டுமே நம்பியிருந்தமையால், 1996இன் வரட்சி நீண்ட மின்வெட்டாக முடிந்தது.

அதற்கு மருந்தாக வந்தது நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம். அதன் முதலாவது 300 மெகாவாட் அலகு 2011இல் இயங்கியது. 2014இல் மொத்தம் 900 மெகாவாட் ஆனது. மழையை நம்பாத மின்சாரம் கிடைத்தது உண்மை. ஆனால் ஏறத்தாழ 3,000 மெகாவாட் உச்சத் தேவை கொண்ட சிறு வலையமைப்பில் ஓர் அலகு திடீரென நின்றாலே முழுத் தொகுதியும் ஆட்டங்காண்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட பழுது நாடு முழுவதையும் இருளாக்கியது. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றுபோக, அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டுத் தொடர்ந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் மிகுதி. சுழலும் பெரும் பொறிகளின் சடத்துவம் போதாமல் மீடிறனைத் தாங்க முடியவில்லை.

இதையே அணுமின் ஆதரவாளர்கள் தமக்குச் சான்றாக்குவர். அவர்களது தரப்பு வலுவற்றதன்று. அணு உலை இரவு பகல் பாராமல் காபனின்றி இயங்கும், சடத்துவமும் தரும். இலங்கை 2014இல் அணுசக்திச் சட்டத்தை இயற்றியது. 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் நிபுணர் குழு நாட்டின் ஆயத்தநிலையை மதிப்பிட்டது. எனினும் அளவும் காலமும் தடையாகின்றன. இந்தியாவின் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் 1988இல் கையெழுத்தானது. சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சியும் குறுக்கிட, முதல் அலகு 2013இலேயே வலையமைப்பில் இணைந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்கா அணுமின் நிலையம் கட்டுமானம் தொடங்கி எட்டு ஆண்டுகளில் மின்சாரம் தந்தது. ஆனால் அதன் ஓர் அலகே 1,400 மெகாவாட். எமது உச்சத் தேவையில் ஏறத்தாழ அரைவாசி. சிறு உலைகள் ரஷ்யாவிலும் சீனாவிலும் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இயங்குகின்றன. 2022இல் எரிபொருளுக்கு டொலரின்றி நாளுக்கு 13 மணிநேரம் வரை இருளில் இருந்த நாடு, பல்லாண்டுகள் பயன் தராத பெருங்கடனை ஏற்பது தகுமா?

சேமிப்புத் தரப்புக்கும் கடினமான கேள்விகள் உண்டு. காற்றும் வெயிலும் ஒருங்கே தளரும் நாட்களில் என்ன செய்வது? இலங்கையின் பருவங்கள் இதற்கு ஓரளவு விடை தருகின்றன: தை முதல் சித்திரை வரை நீர் குறையும்போது வெயில் உறைக்கிறது, தென்மேல் பருவத்தில் மன்னார்க் காற்று வலுக்கிறது. இடைவெளிகளை நீர்த்தேக்கங்களும், 600 மெகாவாட் அளவில் திட்டமிடப்பட்ட மஹா ஓயா நீரேற்று மின்சேமிப்பு நிலையமும் பெருமளவு நிரப்பலாம். சடத்துவக் குறையை, கணப்பொழுதில் செயற்படும் பற்றரித் தொகுதிகளாலும் ஒத்தியங்கு பொறிகளாலும் ஈடுசெய்யலாம். மன்னார் மக்கள் காற்றாலைகளை எதிர்ப்பது வெள்ளம், வாழ்வாதாரம், வலசைப் பறவைகள் பற்றிய நியாயமான அச்சத்தால். அவர்களின் சம்மதமின்றிக் கிடைக்கும் தூய மின்சாரம் தூயதாகாது.

நகரத்தின் பங்கும் இதில் அடங்கும். கொழும்பின் ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் தொடர்மாடியில் வாழும் குடும்பத்துக்குத் தனிக்கூரை இல்லை. அதன் தேவையோ சூரியன் மறைந்த பின்னரே உயர்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மின்சாரத்தைக் கைவிட்டு, இரவில் எண்ணெயை எரிக்கும் இந்நிலை இனியும் நீடிக்கக் கூடாது. அணுசக்திக் கல்வியும் ஒழுங்குறுத்தும் அமைப்பும் தொடரட்டும். சிறு உலைகள் பிறநாடுகளில் தம்மை நிறுவினால் அன்று பரிசீலிக்கலாம். இன்றைய பொதுப்பணம் நீரேற்று நிலையத்துக்கும் உபமின்நிலையப் பற்றரிகளுக்கும் செல்ல வேண்டும்.