ஊடக உடைமைக் குவிப்பு: அம்பாறைக் கரையோரம்

ஒரு நாட்டு மக்களைச் சென்றடையும் செய்திகளில் பெரும்பகுதி ஒருசில உரிமையாளர்களின் கையில் இருப்பதே ஊடக உடைமைக் குவிப்பு. இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று, சாகாமம் வரையுள்ள தமிழ் பேசும் ஊர்களுக்கு அந்தக் கை பெரும்பாலும் கொழும்பிலேயே இருந்து வந்திருக்கிறது.

1930இல் சுப்பிரமணியம் செட்டியார் வீரகேசரி நாளிதழைத் தொடங்கினார். 1932இல் டி. ஆர். விஜேவர்தனவின் லேக் ஹவுஸ் நிறுவனம் தினகரன் நாளிதழை வெளியிட்டது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் லேக் ஹவுஸின் 75 சதவீதப் பங்குகளை அரசின் பிடிக்குக் கொண்டுவந்தது. பங்குகளைப் பொதுமக்களிடையே பரவலாக்குவதே நோக்கம் என்றார்கள். பரவலாக்கம் நடக்கவேயில்லை, பின்னர் வந்த எந்த ஆட்சியும் அந்தப் பத்திரிகைகளைக் கைவிட மனம் கொள்ளவில்லை. தினபதி, சிந்தாமணி ஆகிய பத்திரிகைகளை வெளியிட்ட தவச நிறுவனம் 1974இல் அவசரகால விதிகளின் கீழ் மூடப்பட்டது.

உடைமை கொழும்பில் குவிந்ததன் விளைவைக் கரையோர வாசகர் நன்கு அறிவார். மோதலோ அமைச்சர் வருகையோ முதல் பக்கத்துக்குப் போகும். சாகாமக் குளத்து வயல்களின் தண்ணீர்ப் பிரச்சினை உள்பக்க மூலையில் ஒதுங்கும். முஸ்லிம் வாசகர்களுக்கென வந்த நவமணி, விடிவெள்ளி ஆகிய பத்திரிகைகள் இந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. அவையும் கொழும்பிலிருந்தே வந்தன.

இணையம் வந்தபோது ஊருக்கு ஊர் செய்தித்தளங்கள் முளைத்தன. ஆனால் அவற்றை வாசகரிடம் கொண்டுசேர்த்தது பேஸ்புக். உரிமையாளர் கொழும்பையும் தாண்டித் தொலைவில் போய்விட்டார்.

அந்தத் தொலைவின் விலை 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் தெரிந்தது. முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டில் கருத்தடை மருந்து கலப்பதாக வதந்தி கிளம்பியது. சிங்களம் சரிவரத் தெரியாத அவர் மிரட்டலின் நடுவே தடுமாறிச் சொன்ன பதில், ஒப்புதல் வாக்குமூலம் என்று காணொளியாகப் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என அரச பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிசெய்தார். மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகனவிலும் வன்முறை மூண்டது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் படித்து அகற்றப் போதிய ஆட்கள் பேஸ்புக்கிடம் இல்லை.

மார்ச் 7ஆம் திகதி அரசு பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் ஆகியவற்றை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. இவற்றில் வைபர் தவிர மூன்றும் ஒரே நிறுவனத்தின் சொத்து. வெறுப்பைத் தடுக்கப் போட்ட பூட்டு, உறவினரின் நலம் விசாரிக்கும் வழியையும் சேர்த்தே அடைத்தது. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு 2020 மே மாதத்தில்தான் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. உடைமை யார் கையில் என்பதை அது தொடவில்லை.