திருடு போனால் காவல்காரன் கொடுப்பான்!

தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் இடம் கிடைக்காதவர்கள் மனை பார்க்கப் போகிற ஊர் படப்பை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது. ஒரகடத்தில் கார் கம்பெனிகள் வந்த பிறகு அந்தச் சாலையே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. நேற்று வரை நெல் விளைந்த இடத்தில் இன்று 'நகர்', 'அவென்யூ', 'கார்டன்'. பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாது. ஆனால் அவர் வீட்டுக் கேமரா நம் வாசலையும் பார்க்கிறது.

பழந்தமிழில் படப்பை என்றால் வீட்டை ஒட்டிய தோட்டம், கொல்லை. ஊருக்குப் பெயர் அதனால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பொருத்தம் பாருங்கள். வீட்டுக்குள் வருவதற்கு முன் திருடன் கால் வைக்கிற இடம் கொல்லைதானே?

இந்தக் கொல்லைக்கு இருநூற்று ஐம்பது வருஷம் முன்னால் யார் காவல் இருந்தார்கள்? சம்பளம் யார் கொடுத்தார்கள்? திருடு போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. அதுவும் கணக்கு வழக்கோடு.

1763-ல் ஆற்காட்டு நவாப், செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். படப்பை எல்லாம் அதற்குள் அடக்கம். கையில் கிடைத்த சொத்தின் மதிப்பு என்னவென்று பார்க்க, கம்பெனி தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினீயரை அனுப்பியது. 1767 முதல் 1774 வரை மனிதர் ஊர் ஊராக அளந்தார். சுமார் இரண்டாயிரம் ஊர்கள். யாருக்கு எவ்வளவு நிலம், விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு, எல்லாம் எழுதப்பட்டது. பிற்காலத்தில் தரம்பால் போன்ற ஆய்வாளர்கள் இதைத் தேடி எடுத்திராவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காது.

அதில் தெரிகிற ஏற்பாடு இதுதான். அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்ததும், சர்க்காரும் குடியானவனும் பிரித்துக்கொள்வதற்கு முன்பே, பொதுவிலிருந்து சில பங்குகளை அளந்து வைத்துவிடுவார்கள். கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு... அந்த வரிசையில் ஊர்த் தலையாரியும் உண்டு. ஊர்களுக்கு மேலே வட்டாரக் காவல் பார்த்த பாளையக்காரரும் உண்டு. இப்படிப்பட்ட பங்குக்கு மேரை என்று பெயர். 'சுதந்திரம்' என்றும் சொல்வார்கள். காந்தி வாங்கித் தந்த சுதந்திரம் வேறு, இது நெல்லாக அளந்து கொடுக்கிற சுதந்திரம்!

காவல் என்பது புது விஷயமும் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் வருகிறது. ஊர்க்காவலுக்கான வரி அது. அதை வசூலிக்கிற உரிமையும் அதுவே. இதே வட்டாரத்து உத்திரமேரூரில் 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளை எல்லோரும் மேடையில் பேசுவார்கள். அடுத்தவன் சொத்தைத் திருடியவன் வாரியத்துக்கு நிற்கக்கூடாது என்று அதில் ஒரு விதி இருப்பதை மட்டும் மேடையில் வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

சரி, பாயின்ட்டுக்கு வருவோம். அந்தப் பழைய காவலில் ஒரு அசாத்திய ஷரத்து இருந்தது. களவு நடந்தால், காவல்காரன் திருடனைப் பிடித்துப் பொருளை மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் நஷ்டத்தைத் தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். சென்னைப் பட்டணத்திலும் இதே கதைதான். கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரத்துக்குப் பெத்த நாயக் என்கிற பரம்பரைக் காவல்காரர் பொறுப்பு. அவருக்கு நிலமும், சரக்குகள் மீது சில்லறை வரியும் வருமானம். பதிலுக்கு, திருடு போனால் அவர் தலையில் விழும். ஜார்ஜ் டவுனில் பெத்துநாயக்கன்பேட்டை என்று இருக்கிறதே, அவர் பேர்தான்.

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இது போலீஸ் அல்ல, இன்சூரன்ஸ். மேரைதான் பிரீமியம். களவு போனால் கிளெய்ம்.

'ஆஹா, பொற்காலம்!' என்று உடனே உருகிவிடாதீர்கள். பிரீமியம் கட்டாதவன் கதி என்ன? அவன் வீட்டில்தான் திருடு போகும். அங்கே மாடு காணாமல் போகும், வைக்கோல் போர் பற்றி எரியும். மதுரைப் பக்கம் காணாமல் போன மாட்டை மீட்டுத் தருவதற்கென்றே 'துப்புக்கூலி' என்று தனி ரேட் இருந்தது. மாட்டை ஓட்டிப் போனவனும் துப்புச் சொன்னவனும் ஒருவருக்கொருவர் ரொம்பத் தூரத்து ஆட்கள் இல்லை. நெல்லைச் சீமையில் ஊர்க்காவல் தனி, தேசகாவல் தனி என்று இரண்டு வசூல் நடந்ததைக் கம்பெனி ஆவணங்கள் புலம்பித் தீர்க்கின்றன. செங்கல்பட்டு ஜாகீருக்கு 1794-ல் கலெக்டராக வந்த லயனல் பிளேசும் பாளையக்காரர்களின் காவல்மேல் பாயாத நாளில்லை. அவர்களுக்குக் கம்பெனியின் வசூலைக் கெடுக்கிற ஆட்கள் என்ற காரணமும் இருந்தது, அதையும் மறக்கக்கூடாது.

1802-ல் கம்பெனி கத்தியை எடுத்தது. பாளையக்காரர் காவல் ஒழிந்தது. பதிலுக்கு தரோகா என்ற சம்பள அதிகாரி. ஊரைத் தெரியாதவர், ஊருக்கும் அவரைத் தெரியாது. பதினாலே வருஷத்தில் அந்தத் திட்டம் படுத்துவிட்டது. 1816-ல் தாமஸ் மன்றோ யோசனைப்படி மறுபடியும் மணியக்காரரையும் தலையாரியையும் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆனால் அதோடு கலெக்டர் கையிலேயே வரியும் போலீசும் சேர்ந்தன. விளைவு? வரி பாக்கிக்கும் அடி, திருட்டுக்கும் அடி. 1854-ல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்கவே ஒரு கமிஷன் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் 1859-ன் போலீஸ் சட்டம், சீருடை, ஸ்டேஷன், இன்று நாம் பார்க்கிற அமைப்பு.

இந்த மாற்றத்தில் கவனிக்காமல் விட்ட ஒரு வரவு-செலவு இருக்கிறது. பாளையக்காரருக்குப் போய்க்கொண்டிருந்த காவல் பங்கை ஜனங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்களா? மாட்டார்களே! அது சர்க்கார் வரவில் சேர்ந்தது. களவு போனால் ஈடு தரவேண்டும் என்ற பொறுப்பு மட்டும் காணாமல் போனது. பிரீமியம் நின்றது, பாலிசி போயிற்று.

காவல் தொழிலை இழந்தவர்கள் கதை இன்னும் கொடுமை. நேற்று வரை காவல்காரர்களாக இருந்த சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தி, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சேர்த்தார்கள். ராத்திரியானால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்ததாக அந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறது. 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

தலையாரி மட்டும் தப்பிப் பிழைத்தார். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். பரம்பரை கிராம அதிகாரிகளை ஒரே அவசரச் சட்டத்தில் வீட்டுக்கு அனுப்பினார். வி.ஏ.ஓ. வந்தார். தலையாரி பிற்பாடு 'கிராம உதவியாளர்' ஆகிவிட்டார். ராத்திரி தடியைத் தட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிற வேலை யாருக்கும் இல்லை என்றானது. படப்பைக்காரர்களுக்கு ஒன்றென்றால் நெடுங்காலமாக மணிமங்கலம் ஸ்டேஷன்தான். இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்மப் பல்லவன் அடித்துத் துரத்திய அதே மணிமங்கலம்!

போலீஸ் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டதே, இதை எப்படி ஒட்ட வைப்பது? உலகம் பூராவும் இதே தலைவலி. ஜப்பானில் தெருமுனைக்குத் தெருமுனை 'கோபன்' என்ற குட்டிக் காவல் சாவடி. அதைப் பார்த்து 1983-ல் சிங்கப்பூர் தன் குடியிருப்புகளில் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் அதற்கு முயன்றவர் பிரதீப் பிலிப். 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்தபோது 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார். ஊர் இளைஞர்கள் ரோந்தில் கூட வருவார்கள், தகவல் சொல்வார்கள், திருவிழாக் கூட்டத்தை ஒழுங்கு செய்வார்கள். சம்பளம் கிடையாது. மாநிலம் முழுக்கப் பரவியது.

இவர் யார் தெரியுமா? 1991 மே 21 ராத்திரி, படப்பைக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது பாதுகாப்புப் பணியில் இருந்து, குண்டுச் சிதறல் பட்டுப் பிழைத்த இளம் அதிகாரி. அன்று அணிந்திருந்த தொப்பியும் பெயர்ப் பட்டையும் வழக்குச் சான்றாக கோர்ட்டில் இருந்தன. 2021 செப்டம்பரில் ஓய்வு பெற்ற அன்று, அனுமதி பெற்று, ரத்தக்கறை படிந்த அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் விடைபெற்றார்.

அவர் தொடங்கிய அமைப்பு அதற்குள் தமிழ்நாட்டில் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தார்கள் என்று பிடித்துப் போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடிபட்டு இறந்தார்கள். சி.பி.ஐ. குற்றம் சாட்டியது போலீஸ்காரர்களை. ஆனால் அன்று ஸ்டேஷனில் தன்னார்வலர்களும் இருந்தார்கள் என்ற புகார் கிளம்ப, ஜூலையில் அரசு 'போலீஸ் நண்பர்கள்' அமைப்புக்குத் தடை போட்டது. எங்கள் ஆட்கள் இதில் இல்லை என்று நிறுவனர் மறுத்தார். நண்பனின் கதவு ஒரே கையெழுத்தில் மூடியது. என்னைக் கேட்டால், சீருடையில்லாதவனை உள்ளே விட்டது தப்பு என்பதைவிட, அவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்காததுதான் பெரிய ஓட்டை.

ஊரே காவல் காக்கிறேன் என்று கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மே மாதமே போதும். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு சென்னைக் குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அவ்வளவுதான். 65 வயது பெண்மணியை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்கள் எல்லோரும் தங்கள் ஊரைப் பாதுகாப்பதாகத்தான் நினைத்தார்கள்.

கண்ணெதிரே பெரிய குற்றம் செய்கிறவனைப் பிடிக்கிற உரிமை சாதாரண மனிதருக்கும் சட்டத்தில் உண்டு. ஆனால் பிடிக்கத்தான், அடிக்க அல்ல. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற புதிய நடைமுறைச் சட்டம், ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கெடுவும் வைத்திருக்கிறது. கம்பத்தில் கட்டி வைத்து செல்போனில் படம் எடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படிப்பது நல்லது.

2022 ஜனவரி 1-ல் தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனர் அலுவலகம் வந்தது. மணிமங்கலமும் அதற்குள் போனது. சென்னை போலீஸ் 'மூன்றாவது கண்' என்று பிரசாரம் செய்து தெருத்தெருவாகக் கேமரா மாட்ட வைத்தது, புறநகருக்கும் பரவியது. அதில் பெரும்பகுதி ஜனங்கள் காசு. கூடவே நகர்ச் சங்கத்தில் மாதச் சந்தா, வாசலில் செக்யூரிட்டி, பெயர் எழுத ஒரு நோட்டு. ஆக, வரியும் கட்டுகிறோம், மேரையும் அளக்கிறோம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் செக்யூரிட்டி ஏஜென்ஸியோடு போட்ட ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் தேடுங்கள். வீடு களவு போனால் யார் பொறுப்பு என்று என்ன எழுதியிருக்கிறது?