விரல் நுழையாத துளை

பெரியப்பாவின் வலது கை ஆள்காட்டி விரல், நகம் தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடும். சின்ன வயதில் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் திருவொற்றியூர் தேரடி வரைக்கும் நடப்பேன். பிடிக்க வாகாக இருக்கும். அது ஏன் குட்டை என்று கேட்கத் தோன்றியதில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் அம்மா சொன்னாள். லோடர் வண்டியில் பக்கெட் மாற்றும்போது, வண்டிக் கையின் துளையும் பக்கெட் காதின் துளையும் நேராக வந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்திருக்கிறார். மேலே உட்கார்ந்திருந்தவர் லீவரைத் தொட்டதும் வண்டிக் கை அரை அங்குலம் இறங்கிவிட்டது.

வட சென்னையில் இப்படிப்பட்ட விரல்கள் நிறைய. பட்டறை வாசலில் டீ கிளாஸ் பிடித்திருக்கும் கைகளைக் கவனித்தால் தெரியும்.

லோடருக்கு இரண்டு கைகள், பக்கெட்டைச் சாய்க்க இரண்டு சிலிண்டர்கள். ஆக, பக்கெட்டோடு கோக்க நான்கு பின். ஒவ்வொன்றையும் சம்மட்டியால் அடித்து வெளியே எடுக்க வேண்டும். எண்ணூர் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் நின்ற வண்டி என்றால் பின்னும் புஷ்ஷும் துருவேறி ஒரே இரும்பாகியிருக்கும்; கேஸ் வைத்துச் சூடேற்றினால்தான் அசையும். திரும்ப மாட்டும்போது கடப்பாரையால் பக்கெட்டை நெம்பி, துளைக்குத் துளை சேர்க்க வேண்டும். மண் அள்ளும் பக்கெட்டைக் கழற்றிவிட்டு ஃபோர்க் மாட்ட அரை நாள் போய்விடும். அதனால் யாரும் மாற்றுவதில்லை. தூக்க வேண்டியதைப் பக்கெட் பல்லில் சங்கிலி கட்டித் தூக்குவார்கள். பின் அடிக்கும்போது போன விரல்களைக் காட்டிலும், பின் அடிக்கச் சோம்பிச் சங்கிலி கட்டியதால் வந்த விபத்துகளே அதிகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அந்தத் துளைக்குள் விரல் போகவேண்டிய தேவையையே இல்லாமல் செய்த இரும்புத் தகடு ஒன்று உண்டு. எங்கள் பக்கம் குயிக் கப்ளர் என்கிறார்கள். பெரியப்பா மகனின் ஷெட்டுக்கு அது போன வருடம்தான் வந்தது. ஆனால் அது புறப்பட்ட இடம் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில், ஒரு வான்கோழிக் கொட்டகை.

ராத்ஸே என்ற சிற்றூருக்கு அருகில் எடி வெலோ என்ற பண்ணைக்காரர் மாடி வைத்த கொட்டகையில் வான்கோழி வளர்த்தார். எச்சத்தை வாரித் தள்ள ஆள் கிடைக்கவில்லை. டிராக்டரை மாடிக்கு ஏற்றினால் பலகை தாங்காது; ஏற்றினாலும் தூண்களுக்கு நடுவே திரும்பாது. பக்கத்தில் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற அண்ணன் தம்பியிடம் சொன்னார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் நாற்காலிக்கு வைப்பதுபோல் சுழலும் ஒற்றைச் சக்கரம் என்று, நின்ற இடத்திலேயே திரும்பும் குட்டி லோடர் ஒன்றை அவர்கள் செய்து 1957 பிப்ரவரியில் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே மெல்ரோ நிறுவனம் அதைத் தயாரிக்க எடுத்துக்கொண்டது. 1960இல் நான்கு சக்கரம் வந்தது. 1962இல் அங்குள்ள காட்டுப்பூனையின் பெயரை வைத்தார்கள்: பாப்காட்.

குட்டி வண்டிக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டு. பெரிய வண்டி ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்து சம்பாதித்துவிடும். குட்டி வண்டி காலையில் சாணம் வாரி, மதியம் வைக்கோல் தூக்கி, சாயங்காலம் பனி தள்ளினால்தான் அதன் விலைக்கு நியாயம். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு பின் அடித்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. 1970இல் பாப்காட்காரர்கள் கொண்டுவந்த பாப்-டாக் தகடு இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

அமைப்பு எளிமையானது. வண்டிக் கைகளின் முனையில் ஒரு தகடு நிரந்தரமாக இருக்கும். பக்கெட்டின் முதுகில் மேல்பக்கம் மடிந்த விளிம்பு ஒன்று. வண்டிக்காரர் தகட்டை முன்னால் சாய்த்து, அந்த மடிப்புக்கு அடியில் நுழைத்து, பின்னால் சாய்த்தபடி தூக்குவார். பக்கெட் தன் பாரத்திலேயே வந்து தகட்டில் அமரும். தகட்டின் அடியில் இரண்டு ஆப்புகள்; அவை பக்கெட்டின் அடி விளிம்பிலுள்ள துளைகளுக்குள் இறங்கிப் பூட்டும். ஆப்பு என்பதால் தேய்ந்தாலும் இன்னும் கொஞ்சம் இறங்கி இறுக்கிக்கொள்ளும். உருளைப் பின்னுக்கு அந்தக் குணம் கிடையாது. தேய்ந்தால் ஆடும், ஆடினால் மேலும் தேயும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் தகட்டை வரைந்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

போட்டி நிறுவனங்களும் மெல்ல அதே வடிவத்துக்கு வந்துசேர்ந்தன. ஐஎஸ்ஓ 24410 என்று உலகத் தர எண்ணும் ஆயிற்று. ஒரு நாட்டில் செய்த ஃபோர்க் வேறொரு நாட்டு வண்டியில் பொருந்தும். இதற்கிடையில் மெல்ரோ பல கை மாறி, 2007இல் கொரியாவின் தூசான் குழுமத்திடம் போனது. அவர்கள் பின்னர் எண்ணூரைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டியில் பேக்ஹோ லோடர் செய்யும் தொழிற்சாலை அமைத்தார்கள். வான்கோழிக் கொட்டகைப் பூனை எங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் குடியேறியது இப்படித்தான். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர், ஜேசிபி என்பது ஓர் இங்கிலாந்துக்காரரின் பெயர்ச்சுருக்கம் என்பதையெல்லாம் மறந்து நாம் சொந்தமாக்கிக்கொண்ட மாதிரி, சாக்கடை மண் அள்ளும் குட்டி வண்டியைப் பார்த்தால் எங்கள் தெருவில் இப்போது பாப்காட் என்றுதான் சொல்கிறார்கள்.

டிராக்டரின் முன்புறம் இந்தத் தகடு வருவதற்கு வெகுநாள் முன்பே அதன் பின்புறம் வேறொருவர் இதே சிக்கலை அவிழ்த்திருந்தார். அயர்லாந்தின் ஹாரி ஃபெர்குசன். அந்தக் காலத்தில் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியில் இழுத்தார்கள். கொழு பாறையில் மாட்டினால் டிராக்டர் முன்சக்கரம் தூக்கிப் பின்னால் கவிழும். ஓட்டுபவர் அடியில் சிக்கிச் சாவார். ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைத்து, ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கும்படி செய்து 1926இல் காப்புரிமை பெற்றார். இன்று உலகில் ஏறக்குறைய எந்த டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும் அவருடைய அந்த மூன்று புள்ளிகளைப் பார்க்கலாம். அவர் நிறுவனம் 1953இல் மாசி-ஹாரிஸோடு சேர்ந்தது. அந்த மாசி ஃபெர்குசனோடு கைகோத்துத்தான் 1960இல் அமால்கமேஷன்ஸ் குழுமம் டாஃபே நிறுவனத்தைத் தொடங்கியது. தொழிற்சாலை செம்பியத்தில். ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். தஞ்சாவூர் வயலுக்குப் போன எத்தனையோ டிராக்டர்கள் வட சென்னையில் பிறந்தவை.

இரண்டு இரும்புகளுக்கு நடுவே மனிதன் போய் நிற்கும் பயம் ராயபுரத்துக்குப் பழகியது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது அங்கிருந்துதான். பெட்டிகளைத் திருகுக் கொக்கியால் இணைக்க ஓர் ஆள் இரண்டு பெட்டிகளுக்கு இடையே குனிந்து நுழைவார். மோதினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்பை ஈலை ஜேனி 1873இலேயே அமெரிக்காவில் செய்துவிட்டார். அங்கே அதைக் கட்டாயமாக்கும் சட்டம் வர 1893 ஆயிற்று. நடுவே இருபது வருடம். அந்த இருபது வருடத்தில் எத்தனை கைகள் போயிருக்கும்! சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983இல் வந்தபோது, கன்டெய்னர் பெட்டியின் மூலைகளைப் பிடிக்க வந்த முறுக்குப் பூட்டும் இந்தக் குடும்பம்தான். கிரேன் சட்டகம் பெட்டிமேல் உட்கார்ந்ததும் நான்கு மூலையிலும் பூட்டு திரும்பும். பெட்டியைத் தூக்க ஆள் மேலே ஏற வேண்டியதில்லை.

இனி பெரியப்பா மகனான அண்ணன் ஷெட்டுக்கு வருகிறேன். அவனிடம் இருப்பது சின்ன நான்குசக்கர டிராக்டர், முன்னால் லோடர். கிடங்குகளில் உர மூட்டை, பழைய இரும்பு, உப்பு என்று வாடகைக்குப் போகும். தகட்டை வாங்கும்போது இரண்டு வகை இருந்தது. ஒன்றில் ஆப்புகளைக் கைப்பிடியால் இறக்க வேண்டும். பூட்டு மாட்டும் ஒவ்வொரு முறையும் ஆள் இறங்கிப் போய்ப் பிடியை அழுத்த வேண்டும். ஸ்பிரிங்கில் மண் ஏறினால் பிடி வராது, ஓட்டுபவர் ஹெல்பரை அழைப்பார், ஹெல்பர் குழாயை மாட்டி நெம்புவான். விரல் மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்தது ஹைட்ராலிக். விலை கூடுதல். அண்ணன் யோசிக்கவே இல்லை.

தகட்டின் நடுவே ஒரு சிலிண்டர், இரு பக்கமும் எண்ணெய் தள்ளும் வகை. நீளும்போது ஆப்புகள் இறங்கும், சுருங்கும்போது ஏறும். உட்துளை 40 மில்லிமீட்டர்தான்; ஆனால் 150 பார் அழுத்தத்தில் அது தள்ளும் விசை ஏறக்குறைய 1,900 கிலோ. எந்தத் துருவும் எந்த மண்ணும் அதை எதிர்த்து நிற்காது. எண்ணெய்க்குத் தனி பம்ப் தேவையில்லை. லோடரைத் தூக்கும் அதே எண்ணெயில் ஒரு கிளை எடுத்து, 12 வோல்ட்டில் இயங்கும் சோலினாய்டு வால்வு வழியாகச் சிலிண்டருக்கு விட்டார்கள். இரண்டு ஹோஸ், கையின் உட்புறமாக ஓட்டி, மடங்கும் இடங்களில் போதிய தளர்வு விட்டுக் கிளாம்ப் போட்டது. கை உச்சிக்குப் போகும்போதும், பக்கெட் முழுக்கக் கவிழும்போதும் ஹோஸ் இழுபடுகிறதா, நசுங்குகிறதா என்று எண்ணெய் விடும் முன் நாலு தடவை பார்த்தார்கள்.

நான் அதிகம் கேள்வி கேட்டது ஒரு சின்ன வால்வைப் பற்றி. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும், சிலிண்டர் உடம்பிலேயே திருகியிருந்தது. ஹோஸ் வெடித்தால் என்ன ஆகும்? ஆப்பு தளர்ந்து, தூக்கிய ஃபோர்க் ஆள்மேல் விழாதா? விழாமல் தடுப்பது இந்த வால்வு. உள்ளே போன எண்ணெயைத் திரும்ப விட வேண்டுமென்றால் மறுபக்கத்து ஹோஸில் அழுத்தம் வந்தாக வேண்டும். வராதவரை எண்ணெய் சிலிண்டருக்குள் சிறைப்பட்டிருக்கும். வெறும் ஹோஸ் மட்டும் போட்டுக் காசு மிச்சம் பண்ணுகிற பட்டறைகள் உண்டு. அப்படிச் செய்வதற்குப் பழைய சம்மட்டியே மேல். பின் அடித்த பக்கெட் பாதி வானத்தில் கழன்று விழாது. பெரிய இயந்திரங்களில் கப்ளர் சரியாகப் பூட்டாமல் பக்கெட் விழுந்து உயிர்கள் போயிருக்கின்றன. பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை இதற்கென்றே எச்சரிக்கைகள் விட்டது. அண்ணன் வண்டியில் பொத்தான் ஒன்றுக்கு இரண்டாக வைத்ததும் அதனால்தான்: ஒன்றை அழுத்திப் பிடித்தபடி மற்றதைத் தட்டினால்தான் பூட்டு திறக்கும். முழங்கை பட்டுத் திறக்காது.

கசிவு பார்க்கும்போது ஷெட்டுப் பையன் இணைப்பைக் கையால் தடவப் போனான். ஃபிட்டர் கத்தினார்: "கைய எடுரா டேய்! அட்டைய வச்சுப் பாரு!" ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் கொசு கடித்த அளவு புள்ளி. உள்ளே சதை அழுகும். உடனே அறுவை சிகிச்சைக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரும். பையன் அட்டைப்பெட்டியைக் கிழித்து இணைப்புக்கு இணைப்பு நீட்டிப் பார்த்தான். ஒரு இடத்தில் மட்டும் அட்டையில் ஈரம் படர்ந்தது.

தகடு இலவசமாக எதையும் தரவில்லை. அதன் எடை 50 கிலோவுக்குப் பக்கம். 450 கிலோ தூக்கிய வண்டி அந்த ஐம்பதை முதலிலேயே இழந்துவிட்டது. பக்கெட் முன்பைவிட ஒரு சாணுக்குக் கிட்ட முன்னால் தள்ளி நிற்பதால் நெம்புகோல் கணக்கில் இன்னும் கொஞ்சம் போனது. உர மூட்டை ஒன்பது வைத்த இடத்தில் ஏழு. பின்னால் மூன்று புள்ளிகளில் எடைக்கட்டை மாட்ட வேண்டியதாயிற்று. ஃபெர்குசன் பின்னாலிருந்து கெல்லர் சகோதரர்களுக்குக் கைகொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. நடை கூடுகிறதே என்று அண்ணனிடம் கேட்டேன். "கூடட்டும்" என்றான்.

முதல் தடவை மாட்டியபோது பெரியப்பாவும் வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அண்ணன் வண்டியை மெல்ல ஓட்டிவந்து தகட்டைச் சாய்த்து ஃபோர்க்கின் மடிப்புக்கு அடியில் நுழைத்தான், பின்னால் சாய்த்தான், பொத்தானைத் தட்டினான். டக் என்று ஒரே சத்தம். பிறகு ஃபோர்க்கின் முனையைத் தரையில் ஊன்றி அழுத்தினான். முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, ஃபோர்க் அசையவில்லை. பூட்டு விழுந்ததைச் சத்தத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது, இப்படி ஊன்றித்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு நேரமும் பையன் பழக்க தோஷத்தில் சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தான்.

பெரியப்பா எழுந்து வந்தார். தகட்டுக்குக் கீழே குனிந்து ஆப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். தொடவில்லை.

"சீட்லேர்ந்து இது தெரியுதாடா?"

"நிழல் விழுது நைனா. சரியாத் தெரியல."

குட்டை விரலால் ஆப்பின் முனையைக் காட்டி, "இதுக்கு வெள்ளை அடி. ரெண்டு பக்கமும்" என்றார்.

பையன் சம்மட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு பெயின்ட் டப்பாவை எடுக்கப் போனான்.